வினாடிக்குப் பதினோரு உருண்டை

ஏப்ரல் 21, திங்கள்

இன்று எங்கள் பொறியியல் கல்லூரிக்குப் பன்னிரண்டு துப்பாக்கிகள் வந்து இறங்கின. முட்டை ஏற்றிப்போய்த் திரும்பிய லாரியில். மலைமேல் மூடிக்கிடந்த ஏதோ ஒரு ரிசார்ட்டிலிருந்து தாளாளர் நாச்சிமுத்து மொத்தமாக வாங்கியிருக்கிறார். பெயிண்ட்பால் துப்பாக்கிகள். குண்டுக்குப் பதில் சாயம் நிரப்பிய ஜெலட்டின் உருண்டை பாயும், கோலிக்குண்டு அளவில். பட்ட இடத்தில் உடைந்து சட்டை நிறம் மாறும். பட்டவன் ஆட்டத்திலிருந்து வெளியேற வேண்டும். இதற்குத்தான் மேல்நாட்டில் முகமூடி, கவசம், உலகக் கோப்பை எல்லாம்.

பத்தரைக்குக் கூட்டம். தாளாளரிடம் எட்டு லட்சம் கோழிகளும் ஒரு பொறியியல் கல்லூரியும் இருக்கின்றன. இரண்டையும் ஒரே கண்ணால்தான் பார்ப்பார்.

“மெக்கானிக்கல்ல போன வருசம் எத்தன பசங்கீங்க சேந்தாங்க?”

“நாலு பேர்” என்றேன்.

“வாத்தியாருங்க எத்தன பேரு?”

“என்னோடு சேர்த்து ஆறு.”

“அப்பறம் என்னுங்க, தோள்ல தூக்கிட்டே போயிப் பாடம் சொல்லலாமே.”

எல்லோரும் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்று குறித்துக்கொண்டேன். சிவில் துறைத் தலைவர் வாயில் தேநீரோடு சிரித்தார். அதை இரண்டாகக் கணக்கில் வைத்திருக்கிறேன்.

முடிவு இதுதான். மே 17 சனிக்கிழமை கல்லூரியில் திறந்த நாள். பிளஸ் டூ முடித்த பிள்ளைகளும் பெற்றோரும் வருவார்கள். விடுதிக்குப் பின்னால் துப்பாக்கி விளையாட்டு நடக்கும். அன்று மாலைக்குள் மெக்கானிக்கல் துறைக்குப் பதினைந்து விண்ணப்பம் விழுந்தால் துறை இருக்கும். விழாவிட்டால் ஜூன் முதல் மூடல். மற்ற ஐந்து ஆசிரியர்களும் இளையவர்கள், ஏற்கெனவே ஏ.ஐ. துறைக்கு மனுப் போட்டுவிட்டார்கள். வீட்டுக்குப் போக வேண்டியவர்கள் இரண்டே பேர்: நானும், பட்டறைத் தொழில்நுட்பர் ஆறுச்சாமியும்.

நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கல்லூரிக்காரர்களும் துப்பாக்கி வாங்கியிருக்கிறார்களாம். மின்னணுத் துப்பாக்கி. வினாடிக்குப் பதினைந்து உருண்டை. நம்முடையது வெறும் ஸ்பிரிங்கும் காற்றும். ஆறுச்சாமி ஒன்றை எடுத்துச் சுட்டுக் காட்டினார். வேகமாக அழுத்தியும் வினாடிக்கு நாலுதான்.

“பத்தாதுங்களே” என்றார் தாளாளர்.

“வைத்தியலிங்கம் சார் பாத்துக்குவார்” என்றான் முதல்வர் பூபதிராஜா. 1994இல் என் ஆய்வகக் குறிப்பேட்டை இரவல் வாங்கியபோது சிரித்த அதே சிரிப்பு. ஒரே விடுதி, ஒரே வகுப்பு. அவன் இப்போது முதல்வர். எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. என் ராஜினாமாக் கடிதம் 2013லிருந்து மேசை அறையில் தயாராக இருக்கிறது. தேதி மட்டும் போட வேண்டும்.

ஏப்ரல் 22, செவ்வாய்

துப்பாக்கியைப் பிரித்தேன். அதாவது என் மேற்பார்வையில் ஆறுச்சாமி பிரித்தார்.

அமைப்பு எளிது. உள்ளே ஒரு சுத்தி. அதன் பின்னால் ஸ்பிரிங். சுத்தியை ஒரு கொக்கி பிடித்து வைத்திருக்கும். விசையை அழுத்தினால் கொக்கி விடும், சுத்தி பாய்ந்து வால்வைத் தட்டும், சிலிண்டரிலிருந்து காற்று சீறும். பாதிக் காற்று உருண்டையை முன்னால் தள்ளும், மீதி சுத்தியைப் பின்னால் தள்ளிக் கொக்கியில் மாட்டிவிடும். மேலே ஒரு டப்பா. அதிலிருந்து அடுத்த உருண்டை தானாக விழும். ஒவ்வொரு சூட்டுக்கும் விரல் ஒருமுறை அழுத்தியாக வேண்டும். ஆகவே வேகம் என்பது விரல் எவ்வளவு தூரம், எவ்வளவு பாரத்தை இழுக்கிறது என்பதில் இருக்கிறது. நாலு பக்கத்துக்குச் சமன்பாடு எழுதினேன்.

ஆறுச்சாமி விசையை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, “இது ரொம்பத் தூரம் போகுதுங்க சார். பாதியோட நிறுத்தோணும்” என்றார்.

என் நாலு பக்கமும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் காரணத்தோடு சொல்கிறது.

ஏப்ரல் 24, வியாழன்

விசைக்குப் பின்னால் துளை போட்டு ஒரு சின்னத் திருகாணி வைத்தோம். இப்போது விசை பாதித் தூரம்தான் நகர்கிறது. விசையின் ஸ்பிரிங் கனமாக இருந்தது. அதை எடுத்துவிட்டு, கூட்டத்தில் எல்லோருக்கும் கொடுத்த இலவசப் பேனாவின் ஸ்பிரிங்கைப் போட்டார் ஆறுச்சாமி. கல்லூரி கொடுத்த பேனாவுக்கு முதன்முதலாக ஒரு பயன் கிடைத்தது.

வினாடிக்கு ஆறு.

எப்படி எண்ணுவது என்று நான் உணரி, அலைக்காட்டி என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் கைபேசியில் சத்தத்தைப் பதிந்து, மெதுவாக ஓடவிட்டு எண்ணிவிட்டார். ஒப்புக்கொள்ளத்தக்க முறை.

ஏப்ரல் 28, திங்கள்

பூபதிராஜா பட்டறைக்கு வந்தான். கூட யாரும் இல்லை.

“என்ன வைத்தி, எவ்வளவு போகுது?”

“ஆறு, சார்.”

“நீ ஏன் என்னை சார்ங்கற? ஆறுச்சாமிதானே இருக்காரு.”

“பதவிக்கு மரியாதை, சார்.”

போகும்போது பட்டறை மின்விசிறியை வேகமாக வைத்துவிட்டுப் போனான். உருண்டைகள் மேசையில் உருண்டு கீழே விழுந்தன. வேண்டுமென்றே செய்தது.

அவன் முனைவர் பட்டத்தை மூன்றே வருடத்தில் முடித்தான், அதுவும் நான் கழித்துப்போட்ட அளவீடுகளை வைத்து. அவற்றில் பிழை இருக்கலாம் என்று எனக்குச் சந்தேகம், கொடுத்துவிட்டேன். பிழை இருக்கவில்லை. அதை அவன் என்னிடம் சொல்லியிருக்க வேண்டும். எனக்குப் பதினொரு வருடம் ஆயிற்று. அவசரப்படாமல் செய்தேன்.

மே 1, வியாழன்

விடுமுறை. மங்கை சாப்பாட்டு மேசையில், “ஏங்க, நாலு நாளா நீங்க பாடறீங்க, தெரியுதா?” என்றாள்.

“பாடவில்லை. தாளம் போட்டுப் பார்த்தேன். இரண்டு விரலை மாற்றி மாற்றி அழுத்தினால் வேகம் கூடும்.”

“சரி. மோர் ஊத்தட்டுமா, தாளம் முடியட்டுமா?”

பிறகு, இந்த வேலையை வாங்கிக்கொடுத்ததே பூபதி அண்ணன்தானே, அவர் முன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள் என்றாள். இடம் காலியாக இருந்தது, நான் வந்தேன். அப்போது துறைத் தலைவர் என்ற முறையில் அவன் கையெழுத்துப் போட்டான், கையெழுத்துப் போடுவது அவன் வேலை. இதைப் பதினாலு வருடமாகச் சொல்லி வருகிறேன்.

மே 2, வெள்ளி

பழைய எஃகு அளவுகோலை வெட்டி இரண்டு விரல் வைக்கும்படி நீண்ட விசை செய்தோம். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தட்டச்சு செய்வதுபோல் மாறி மாறி அடிக்கலாம்.

வினாடிக்கு ஒன்பது. ஆனால் ஒன்பதுக்கு மேல் உருண்டை உள்ளேயே உடைகிறது. டப்பாவிலிருந்து அது தன் எடையில் விழுவதற்குள் அடுத்த அடி வந்துவிடுகிறது. புவியீர்ப்பு நமக்காக வேகம் கூட்டாது. கல்லூரி நிர்வாகத்தின் கீழ் இல்லாத ஒரே துறை அதுதான்.

திருவிழாக் கடையில் விற்கும் கைமின்விசிறியின் மோட்டாரைக் கழற்றி, டப்பாவுக்குள் உருண்டைகளைக் கிளறிக்கொண்டே இருக்கும்படி பொருத்தலாம் என்றார் ஆறுச்சாமி. நானும் அந்த வழியில்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மே 5, திங்கள்

இன்று நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன்.

சுத்தியைப் பிடிக்கும் கொக்கியின் முகம் வழவழப்பாக இருந்தால் விசை இன்னும் இலேசாகும். ஆறுச்சாமி அதை ஆயிரம் நம்பர் உப்புத்தாளில் தேய்த்துவிட்டு, “போதுமுங்க சார், இதுக்கு மேல வேண்டாம்” என்றார். உராய்வுக் கெழு இன்னும் குறையும் என்று எனக்குத் தெரியும். அவர் தேநீர் வாங்கப் போனபோது ஆறு இழுப்பு கூடுதலாகத் தேய்த்தேன். ஆறு இழுப்பு அதிகம் என்று யாரும் சொல்ல முடியாது. உலோகம் தரமில்லாதது.

வெளியே வந்து ஒருமுறை அழுத்தினேன். துப்பாக்கி நிற்கவில்லை. கொக்கியில் சுத்தி மாட்டாமல் வழுக்கி வழுக்கித் தானாகவே அடித்துக்கொண்டு போனது.

“சார், விரல எடுங்க சார்!” தேநீரோடு ஓடிவந்தார் ஆறுச்சாமி.

“எடுத்துட்டேன்யா!”

“அப்ப துப்பாக்கியக் கீழ பாத்துப் புடிங்க சார்!”

இதை அவர் முதலில் சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் டப்பா காலி. நூற்று நாற்பது உருண்டை. எதிரே முகப்பில் நிற்கும் தாளாளரின் தந்தையார் வெண்கலச் சிலை, தலையிலிருந்து செருப்பு வரை ரோஸ் நிறம்.

நாங்கள் வாளியும் துணியுமாக ஏணியில் நிற்கும்போது தாளாளரின் கார் வந்துவிட்டது. நான் பேச வாய் திறந்தேன். ஆறுச்சாமி முந்திக்கொண்டார்.

“அய்யாவுக்குப் பன்னீர் அபிசேகமுங்க. நல்ல காரியம் தொடங்கறோமில்லீங்களா.”

தாளாளர் செருப்பைக் கழற்றினார். சிலையின் பாதத்தில் வழிந்த சாயத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “இத்தன வருசத்துல ஒரு வாத்தியாருக்கும் இது தோணலீங்களே” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கை பிசுபிசுத்தது, இருவருக்கும்.

மாலையில் சுற்றறிக்கை: இனி மாதம் ஒருமுறை எல்லாத் துறையினரும் சிலைக்கு அபிஷேகம் செய்ய வேண்டும்.

மே 6, செவ்வாய்

சிவில் துறைத் தலைவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். பன்னீர் செலவு அவர் துறைக்கு வந்திருக்கிறது.

மே 8, வியாழன்

லாரியின் ஸ்பிரிங் பட்டைத் துண்டிலிருந்து ஆறுச்சாமி புதிய கொக்கி அறுத்தார். சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் விட்டுக் கடினமாக்கினார். முகத்தின் கோணம் எண்பத்தெட்டு டிகிரி இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுவைத்திருந்தேன். அவர் கண்ணளவில் அரம் போட்டதை அளந்து பார்த்தேன். எண்பத்தெட்டு. என் கணக்கு சரிதான்.

இந்த முறை உப்புத்தாளைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே தேநீருக்குப் போனார். என்னைச் சந்தேகிப்பதுபோல் இருந்தது.

வினாடிக்குப் பதினொன்று. ஒன்றும் உடையவில்லை. மூன்று முறை சுட்டோம். நான்காவது முறை தேவையில்லைதான்.

ஆறுச்சாமி ஒட்டுப்பலகையில் விழுந்த பொட்டுகளைப் பார்த்துக்கொண்டே, “பொண்டாட்டிகிட்ட இன்னும் சொல்லலீங்க சார், ஜூன்ல வேலை போகும்னு” என்றார். “பதினஞ்சு பேரு சேந்துருவாங்கதானுங்க?”

நிகழ்தகவு பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, சேர்வார்கள் என்றும் சொல்லிவைத்தேன். ஆதாரம் இல்லாமல் நான் ஒரு கூற்றைச் சொன்னது இதுவே முதல் முறையாக இருக்கும்.

மே 12, திங்கள்

பன்னிரண்டு துப்பாக்கியும் தயார். ஆனால் நாமக்கல் வெயிலில் உருண்டைகள் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. தாளாளர் தாமே தீர்வு சொன்னார்: முட்டைக் குளிர்க் கிடங்கு. அட்டைக்கு முப்பது வீதம் அடுக்கி, ஆறாயிரம் உருண்டை, முட்டைகளுக்கு நடுவே இரண்டு நாள். இன்று காலை எடுத்துவந்து சுட்டோம். ஒன்றுகூட வெளியே வரவில்லை. குளிரில் ஜெலட்டின் முட்டை ஓடு மாதிரி விறைத்து, சுத்தி தொட்டவுடன் உள்ளேயே நொறுங்கியது. பன்னிரண்டு குழலிலும் சாயக் கூழ்.

“எங்க முட்டைக ஒண்ணுங்கூட ஒடையலீங்களே” என்றார் தாளாளர், ஏதோ எங்கள் வளர்ப்பு சரியில்லை என்பதுபோல்.

பகலெல்லாம் குழல் கழுவினோம். இதற்குச் சூடும் ஆகாது, குளிரும் ஆகாது, இருபத்திரண்டு டிகிரி வேண்டும் என்றேன். கல்லூரியில் அந்த வெப்பநிலை இருப்பது ஓர் இடத்தில்தான்: ஏ.ஐ. ஆய்வகம். அங்கே கணினி மேசைகளுக்கு அடியில் கொண்டுபோய் அடுக்கியிருக்கிறோம். ஆய்வகத்தில் அவ்வளவு இடம் இருக்கிறது. கணினி ஒன்பதுதான், மேசை அறுபது.

மே 14, புதன்

தாளாளர் துப்பாக்கிச் சாமான்கள் எங்கே என்று கேட்டிருக்கிறார். ஏ.ஐ. லேபில் இருக்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மாலைக்குள் நெடுஞ்சாலையில் நாற்பதடிப் பதாகை: “தமிழகத்தில் முதன்முறையாக ஏ.ஐ. துப்பாக்கிகள்! வாருங்கள், சுடுங்கள், சேருங்கள்!” பக்கத்தில் தாளாளர் இரு கையிலும் துப்பாக்கியோடு.

முதல்வர் அறைக்குப் போய், இது பொய் என்றேன்.

“தெரியும்” என்றான் பூபதிராஜா. “சொல்லிப் பாத்தேன். பதாகை அடிச்சாச்சுங்கறார்.”

“உங்களால் முடிந்தது அவ்வளவுதானா, சார்?”

“வைத்தி, உன் துறையை இந்த வருசம் வரைக்கும் இழுத்துட்டு வந்ததே…” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். எதையும் முடிக்காமல் விடுவது அவன் வழக்கம். ஆய்வேட்டைத் தவிர.

மே 16, வெள்ளி

எல்லாம் தயார். மங்கை நீல நிறச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறாள். நான் கேட்கவில்லை.

மே 17, சனி

விரிவாக எழுத வேண்டும்.

எட்டு மணியிலிருந்து கூட்டம். திருச்செங்கோடு, ராசிபுரம், சங்ககிரி பக்கத்து ஆட்கள். ஆழ்குழாய் ரிக் வண்டி வைத்திருப்பவர்கள், லாரி பாடி கட்டுபவர்கள். பிள்ளைகள் முகமூடியை மாட்டிக்கொண்டு களத்தில் இறங்கினார்கள். எங்கள் துப்பாக்கி பன்னிரண்டும் ஒரே நேரத்தில் பொரிந்த சத்தம் கேட்டு, எதிர்க் கல்லூரிக்குப் போன கார்கள் இரண்டு திரும்பி இங்கே வந்தன. ஒரு துப்பாக்கிகூடச் சிக்கவில்லை. ஆறுச்சாமி களத்தின் ஓரத்தில் நின்று ஒவ்வொரு வெடிப்பையும் காதால் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினொரு மணிக்குத் தாளாளர் மேடை ஏறினார். “இந்தத் துப்பாக்கிக்கு மூளை இருக்குதுங்க! தானாவே யோசிச்சுச் சுடும்!” என்றார். கைதட்டல். முன்வரிசையில் வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் எழுந்தார். பெயர் பொங்கியண்ணன், திருச்செங்கோட்டில் நாலு ரிக் ஓட்டுகிறவர் என்று பிறகு தெரிந்தது.

“ஏனுங்க, மூளை எங்கீங்க இருக்குது? நான் இப்பத்தான் ஒண்ணத் தூக்கிப் பாத்தேன், ஒயரே இல்லீங்களே. மேல ஒரு சின்ன ஃபேன் மோட்டார்தான் இருக்குது.”

தாளாளர் என்னைப் பார்த்தார். “அதை எங்க சார் சொல்லுவாருங்க.” ஒலிவாங்கி என் கையில்.

ஆறுச்சாமி பின்னாலிருந்து மெதுவாக, “சார், ஆமான்னு சொல்லிட்டு எறங்கிருங்க சார்” என்றார்.

ஆமென்று சொல்லியிருந்தால் தாளாளர் மகிழ்ந்திருப்பார். இல்லை என்றால் மாணவர்கள் எதிர்ப் பக்கம் போவார்கள், பதினைந்து என்பதை மறந்துவிட வேண்டியதுதான். எல்லாம் தெரிந்தே இருந்தது.

“மூளை இல்லை” என்றேன். “ஒரு சுத்தி, ஒரு ஸ்பிரிங், ஒரு கொக்கி, ஒரு வால்வு. திருவிழா மின்விசிறி மோட்டார் ஒன்று. ஏ.ஐ. லேபில் உருண்டை இருந்தது, குளுகுளுவென்று இருக்கட்டும் என்று.”

சிரிப்பு எழுந்தது. தாளாளர் சிரிக்கவில்லை. நான் துப்பாக்கியைப் பிரிக்க ஆரம்பித்தேன். பூபதிராஜா மேடையிலேயே உட்கார்ந்திருந்தவன், எழுந்து எனக்குத் தன் நாற்காலியைத் தரவில்லை. மேசையைத்தான் இழுத்துப் போட்டான். பாகங்களை அதன்மேல் வரிசையாக வைத்தேன். ஒலிவாங்கியை அணைக்கச் சொல்லித் தாளாளர் கை காட்டியதும், அவன் போய் ஒலிபெருக்கிக்காரனிடம் ஏதோ சொன்னான். ஒலி கூடிவிட்டது. அதைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லை.

நாற்பது நிமிடம் பேசினேன். எதிரில் கூட்டம் இருந்ததா என்று முதலில் பார்க்கவில்லை. பார்த்தபோது பெரியவர்கள் நாற்காலியை விட்டு மேசையைச் சுற்றி நின்றார்கள். ஒரு பெண் கை தூக்கி, “சார், கொக்கியை ஏன் சரியா தொண்ணூறுல வைக்கல? எண்பத்தெட்டுன்னா சுத்தி அதை இன்னும் உள்ளே இழுக்கும், அதனாலயா?” என்றாள். பதினாலு வருடத்தில் இந்த வளாகத்தில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி என்று சொல்லலாம். யார் வீட்டுப் பெண்ணோ.

பொங்கியண்ணன் சுத்தியைக் கையில் உருட்டிப் பார்த்தார். “அட, நம்ம ரிக்கு ஹேமர் மாதிரியேங்க இது. காத்து வந்து அடிக்குது, திரும்புது.”

“அதேதான்” என்றேன்.

“எண்ணூறு அடிக்குக் கீழ போனா எங்க ஹேமர் அடி மட்டுப்பட்டுப் போகுதுங்க. பாறை அதேதான், கம்ப்ரசர் அதேதான். எதனாலீங்க?”

நான் மூன்று கேள்வி கேட்டேன். ஆறுச்சாமி ஒன்றே ஒன்று கேட்டார்: “எண்ணெய் எந்த எடத்துலங்க விடறீங்க?” அதன் பிறகு ஏழெட்டு ரிக் முதலாளிகள் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். என் நீலச் சட்டையில் நாலு பேர் பேனாவால் படம் போட வந்தார்கள், காகிதம் கொடுத்தேன்.

கடைசியில், வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒருவரிடம் கேட்டுவிட்டேன். “உங்கள் பையனை மெக்கானிக்கலில் சேருங்கள். நான் பார்த்துக்கொள்கிறேன்.”

பொங்கியண்ணன் பதறிப்போனார். “அய்யோ, வேண்டாமுங்க சார்! நாங்க கிரீசுல பொரண்டது போதாதுங்களா? பையன் ஏ.ஐ. படிச்சு ஏ.சி.ல உக்காரட்டுமுங்க.” பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஆனா நீங்க நம்ம பட்டறைக்கு வரோணும். அந்த அண்ணனையும் கூட்டிட்டு வாங்க.”

மாலை ஆறு மணிக்கு எண்ணினார்கள். ஏ.ஐ. அறுபத்தொன்று. மெக்கானிக்கல் மூன்று. அதில் ஒருவன் கட்டம் மாற்றிக் குறித்துவிட்டதாக ஏழு மணிக்கு ஓடி வந்து திருத்திக்கொண்டான். இரண்டு.

ஆறுச்சாமி துப்பாக்கிகளைத் துடைத்து எண்ணெய் போட்டு அடுக்கிக்கொண்டிருந்தார். எண்ணிக்கையைச் சொன்னேன்.

“நல்லாப் பேசுனீங்க சார்” என்றார்.

“ஆமான்னு சொல்லியிருந்தா?”

“அப்பவும் ஏ.ஐ.ல தானுங்க சேந்திருப்பாங்க” என்றார், எண்ணெய்த் துணியைப் பிழிந்துகொண்டே.

மே 18, ஞாயிறு

அந்த இரண்டு விண்ணப்பத்தையும் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். ஒன்று கல்லூரிக் கேன்டீன் மாஸ்டரின் மகன். இன்னொன்று நிறைமதி. பெற்றோர் பெயர்: ப. பூபதிராஜா. புகைப்படத்தில் எண்பத்தெட்டு டிகிரி கேட்ட பெண்.

வேறு எங்கும் இடம் கிடைக்காத மகளை என் துறையில் தள்ளிவிடப் பார்த்திருக்கிறான்.

இந்த மாதம் தேர்வு முடிவு வந்தபின் இணைத்த பட்டியலில் மதிப்பெண் அறுநூறுக்கு ஐந்நூற்று எழுபத்து நான்கு. விண்ணப்பத் தேதி ஏப்ரல் 21.

மங்கையிடம் காட்டினேன். தேதியின் மேல் விரலை வைத்துக் காட்டிவிட்டு மோர் எடுக்கப் போனாள்.

மே 19, திங்கள்

தாளாளர் அறை. கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். ஏ.ஐ. துறைக்கு அறுபத்தொன்று விழுந்ததில் எல்லாவற்றையும் மன்னித்திருந்தார்.

“மெக்கானிக்கல் முடிஞ்சுதுங்க சார். ரெண்டு முட்டைக்கு ஒரு கொட்டகை வைக்க முடியாது. ஆனா ஏ.ஐ. துறைக்குத் தலைவர் வேணும். டாக்டர் பட்டம் இருக்கறவரு வேணுமுன்னு ஆய்வுக் குழு கேக்குது. நீங்க பேர மட்டும் குடுங்க, பாடத்தப் பசங்க யூடியூப்ல பாத்துக்குவாங்க.”

“ஆறுச்சாமி?”

“ஏ.ஐ.க்கு எதுக்குங்க ஃபிட்டரு?”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். படிக்கட்டு இறங்குவதற்குள் யோசித்துவிட்டேன். ஏ.ஐ. ஆய்வகத்தின் குளிர் எனக்கு ஒத்துக்கொள்ளாது. மற்றபடி வேறு காரணம் ஒன்றும் இல்லை.

ராஜினாமாக் கடிதத்தை எடுத்தேன். 2013இல் எழுதியதில் பதவியின் பெயர், முதல்வரின் பெயர், என் முகவரி எல்லாம் மாறிப்போயிருந்தன. புதிதாகத்தான் எழுத வேண்டியிருந்தது. மூன்று வரி.

மே 20, செவ்வாய்

பட்டறைச் சாவியைக் கொடுக்க முதல்வர் அறைக்குப் போனேன். பூபதிராஜா கடிதத்தைப் படித்தான். மறுபடி படித்தான். மூன்று வரிக்கு அது அதிகம்.

“எங்க போற?”

“திருச்செங்கோடு. ரிக் பட்டறை. ஆறுச்சாமியும் வருகிறார்.”

“மதிகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல” என்றான். “பிளஸ் ஒன்லேருந்து சொல்லிட்டிருக்கா, மெக்கானிக்கல்னா உங்கிட்டத்தான்னு.”

“என்னைப் பற்றி அவளுக்கு யார் சொன்னது?”

அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு தாள் வாங்கி, அந்தப் பெண் சேர வேண்டிய ஐந்து கல்லூரிகளின் பெயரை எழுதினேன், வரிசைப்படி. ஒவ்வொன்றிலும் யார் வகுப்பில் முன்வரிசையில் உட்கார வேண்டும், யார் சொல்வதை நம்பக் கூடாது என்பதும். இரண்டு பக்கம் வந்தது. அது அந்தப் பெண்ணுக்காகச் செய்தது. அவனுக்காக இல்லை.

“வர்றேன், பூபதி” என்றேன். வாய் தவறி வந்துவிட்டது. அவன் எழுந்து வாசல் வரை வந்தான். அதுவும் அவன் பதவிக்கு அழகில்லை.

ஜூன் 9, திங்கள்

பொங்கியண்ணன் பட்டறையில் முதல் நாள். காலையில் ஒரு ஹேமரைப் பிரித்தோம். அதாவது நானும் ஆறுச்சாமியும். அவர் கீழ்ப் பக்கம், நான் மேல் பக்கம். வால்வு தேய்ந்து, பாதிக் காற்று அடிக்காமலே வெளியே போய்க்கொண்டிருந்தது. புதிது கடைந்து மாட்டி, மூன்று மணிக்குச் சோதனை ஓட்டினோம். அடிக்கிற சத்தத்தைக் கைபேசியில் பதிந்து எண்ணினோம். பொங்கியண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காதை இரும்பில் வைத்துக் கேட்டார். எழுந்தபோது கன்னம் முழுக்கக் கிரீஸ். “அடேங்கப்பா” என்று மட்டும் சொன்னார்.

மதியம் சாப்பிடும்போது வெல்டர் சின்னக்குட்டி, நான் கை கழுவப் போன நேரம் பார்த்து, மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டான். கேட்டதற்கு, “சார் இன்னைக்குத்தானுங்களே வந்துருக்கீங்க” என்றான். ஆறுச்சாமி சிரித்தார்.

இரண்டு பேர் பெயரையும் குறித்துக்கொண்டேன். நாளை சீக்கிரம் போக வேண்டும்.